தேய்ந்தால்தான் வெட்டும்

கடையில் புதிய டைமண்ட் பிளேடு ஒன்றை எடுத்து அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பல்கூடத் தட்டுப்படாது. லேசான சொரசொரப்பு மட்டும் இருக்கும். விரலைக்கூடக் கீறாத இந்த வட்டத் தகடுதான் கிரானைட்டை இரண்டாக்குகிறது.

மரத்தை ரம்பம் பல்லால் சீவித் தள்ளும். கல்லில் அது நடக்காது. கிரானைட்டில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ், எஃகையே கீறிவிடும். எந்தப் பல்லும் சில நொடிகளில் மழுங்கிப்போகும். ஆகவே டைமண்ட் பிளேடு சீவுவதில்லை. அரை மில்லிமீட்டர் அளவுள்ள வைரத் துகள்கள் ஒவ்வொன்றும் கல்லைத் துளித்துளியாக நொறுக்கிக்கொண்டே ஓடுகின்றன. ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டமல்ல. இந்தப் பிளேடை மாட்டி ஓட்டும் 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. அப்போது பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். வந்தே பாரத் ரயிலே 160-ஐத் தாண்டி ஓடுவதில்லை.

இவ்வளவு வைரத்துக்கு எங்கே போவது? 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் என்ற வேதியியலாளர் கரியை வைரமாக்கிக் காட்டினார். காற்றழுத்தத்தைப் போல 50,000 மடங்குக்கும் அதிகமான அழுத்தம், 1,000 டிகிரியை மிஞ்சும் வெப்பம், உருகிய உலோகம்: இவ்வளவும் சேர்ந்தால் வைரம் விளைகிறது. இன்று டைல்ஸ் வேலைக்கு வருபவரின் பைக்குள் இருப்பது இந்த ஆலை வைரம்தான்.

ஆனால் உண்மையான சாமர்த்தியம் வைரத்தில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் உலோகத்தில் இருக்கிறது. கோபால்ட், இரும்பு, வெண்கலம் போன்ற உலோகப் பொடிகளோடு வைரத் துகள்களைக் கலந்து, அழுத்திச் சுட்டு இறுக்குகிறார்கள். துகள்களைப் பற்றிக்கொள்ளும் இந்த உலோகக் கலவைக்குப் பிணைப்பு என்று பெயர். வெட்ட வெட்ட மேலே நிற்கும் வைரம் மழுங்கி உடையும். அந்த நேரம் பிணைப்பும் தேய்ந்துகொடுத்தால்தான் அடியில் புதைந்திருக்கும் புது வைரம் வெளியே தலைகாட்டும். பென்சிலில் மரத்தைச் சீவினால்தானே கூர் வெளியே வரும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடினமான கல்லுக்குக் கடினமான பிளேடு வேண்டும் என்று தோன்றும். நேர் எதிர்தான் சரி. கிரானைட் அறுக்கும்போது விழும் பொடி மிக நுண்ணியது. பிணைப்பை அவ்வளவாக அரிக்காது. அதனால் அதற்கு எளிதில் தேயும் மென்மையான பிணைப்பு வேண்டும். தார்ச்சாலையும் முழுதாக இறுகாத புதுக் கான்கிரீட்டும் பார்வைக்கு மென்மைதான். ஆனால் அவற்றிலிருந்து உதிரும் மணல் பிணைப்பை அரித்துத் தின்றுவிடும். அங்கே கடினமான பிணைப்பு இல்லையென்றால் பாதி வேலையிலேயே பிளேடு தீர்ந்துவிடும்.

தவறான பிளேடைக் கிரானைட்டில் ஓட்டினால் விளிம்பு பளபளவென்று ஆகிவிடும். பொறி பறக்கும், கல் அறுபடாது. வைரம் தீர்ந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். மணற்பாங்கான செங்கல்லையோ சிமென்ட் கல்லையோ நாலைந்து முறை வெட்டினால் பிணைப்பு அரிபட்டு, உள்ளே தூங்கும் வைரம் எழுந்துவிடும்.

பிளேடில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியும் அலங்காரத்துக்கு இல்லை. ஓடும்போது ஒவ்வொரு வைரத்துக்கும் பின்னால் கொஞ்சம் உலோகம் தேயாமல் வால்போல் நின்று, அதற்கு முட்டுக் கொடுக்கிறது. திருப்பி மாட்டினால் முட்டு முன்பக்கம் போய்விடும். வைரங்கள் கழன்று கொட்டும்.

விளிம்பில் இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும். அந்த இடைவெளிகள் வழியே காற்று புகுந்து சூட்டைத் தணிக்கும், தூளும் வெளியேறும். இடைவெளியின் அடியில் உள்ள வட்டத் துளை, தகட்டில் விரிசல் ஓடாமல் தடுக்கிறது. டைல்ஸுக்கு இடைவெளியே இல்லாத விளிம்புதான் நல்லது; ஓரம் பெயராது.

கம்பி வெட்டவும் இதையே மாட்டலாமா? கூடாது. கொதிக்கும் சூட்டில் இரும்பு, வைரத்திலுள்ள கரியைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். இரும்புக்கு அலுமினியம் ஆக்சைடு துகள்களை ரெசினில் இறுக்கிக் கண்ணாடி நார் வலை வைத்த கட்டிங் வீல்தான் பொருத்தம். ரெசின் நாளாக நாளாக வலுவிழக்கும் என்பதால், நல்ல வீல்களின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். மருந்துக்கடையில் தேதி பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது எழும் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. தண்ணீர் இணைப்புள்ள மார்பிள் கட்டரைப் பயன்படுத்துங்கள். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மின்சாரம் தாக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். பிளேடில் குறித்த உச்ச வேகம் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.