கடல் காணப் புறப்படும் குடும்பங்களுக்கு

ஆடிக் கிருத்திகையன்றும், ஆண்டின் கடைசி நாள் இரவிலும் கடற்கரை ஊர்களிலிருந்து மக்கள் திருத்தணி மலையை நோக்கித் திரண்டு வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. பள்ளி விடுமுறை தொடங்கியதும், “கடலைப் பார்க்க வேண்டும்” என்று பிள்ளைகள் நச்சரிக்க, கட்டுச்சோறும் தண்ணீர்ப் புட்டிகளுமாக நம் குடும்பங்கள் சென்னைக்கு ரயிலேறுகின்றன. 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த இவ்வூருக்குச் சென்னை எட்டாத நகரமன்று. ரயிலில் சுமார் 80 கிலோமீட்டர்தான். மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் அங்கே போய் வருவோர் ஏராளம். ஆயினும், பத்து வயதாகியும் கடலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் இப்பக்கத்துச் சிற்றூர்களில் இல்லாமல் இல்லை.

கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது எளிய காரியமன்று. ஒரு நாள் வருமானத்தை இழந்து, ஐந்தாறு பேருக்குப் பயணச் சீட்டு எடுத்து, நடக்க முடியாத பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஒரு நாள் வீணாகக் கூடாது. எங்கே போவது, எதை முதலில் காண்பது, எதை விட்டுவிடுவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது. அதற்குத் துணையாகவே நாம் இதனை எழுதுகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கடலைக் காணப் போகிறோம் என்று புறப்பட்டு, “வழியில் ஒரு மணி நேரம்” என்று மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் நுழைந்த குடும்பம் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கைகளில் பைகள் நிறைந்திருக்கும், பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். துணி வாங்க வேறொரு நாள் போகலாம். கடலுக்கென்று வைத்த நாள் கடலுக்கே இருக்கட்டும்.

மின்சார ரயில் நம்மை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய புறநகர் நிலையத்தில் இறக்கிவிடும். முன்பு அவ்விடத்தில்தான் புகழ்பெற்ற மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் அது தீக்கிரையாயிற்று. பெயர் மட்டும் இன்றும் நிலையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாலையைக் கடந்தால் பூங்கா நிலையம். அங்கிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கலாம். வெயில் ஏறுமுன் மலை, உச்சிப் பொழுதில் நிழலுள்ள ஆலயங்கள், மாலையில் கடல் என்ற வரிசையே உடம்புக்கு இதமானது. பலரும் இதனைத் தலைகீழாகச் செய்து, நண்பகலில் மணலில் நின்று கால் சுட்டுத் திரும்புகிறார்கள்.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரமே. 1726-ஆம் ஆண்டு வாக்கில் பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் இம்மலைக்குக் கற்படிகள் அமைத்துக் கொடுத்தார். 365 படிகளைக் கொண்ட ஊரில் பிறந்தவர்களுக்கு இந்த 160 படிகள் ஒரு பொருட்டல்ல என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு. உச்சியிலுள்ள சிற்றாலயம் போர்த்துகீசியர் காலத்தது. 1547-இல் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் பதிக்கப்பெற்றுள்ளது. அதைச் சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. 1558 முதல் 1704 வரை பல முறை இச்சிலுவையில் குருதி கசிந்தது என்பது அம்மலையின் மரபு. புனித தோமையார் இம்மலையில் வேத சாட்சியாக உயிர் நீத்தார் என்பதும் தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை.

பிள்ளைகளுக்குச் சொல்ல இங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தியாவின் நிலப்பரப்பை அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கான முதல் அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி 1802 ஏப்ரலில் அளக்கத் தொடங்கியது இம்மலையின் அருகில்தான். அங்கே சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவை, பிற்காலத்தில் இமயம் வரை சென்று எவரெஸ்டின் உயரத்தையும் சொல்லிற்று. மலைமேல் நின்றால் விமான நிலையம் முழுவதும் தெரியும். சிலுவையையும் லாம்டனையும் மறந்து, விமானம் ஏறுவதையே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் சைதாப்பேட்டையருகே சின்னமலை இருக்கிறது. தோமையார் மறைந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குகையும் ஒரு நீரூற்றும் இங்குள்ளன. போர்த்துகீசியர் 1551-இல் ஆலயம் எழுப்பினர். குகையின் வாயில் குறுகலானது, பருத்த உடம்பினர் கவனமாக நுழைதல் வேண்டும். இப்போது மெட்ரோ ரயிலுக்கு இப்பெயரிலேயே நிலையம் இருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களைச் சென்ட்ரலிலிருந்து நேரே இங்கு அழைத்து வந்துவிடலாம். பரங்கிமலை ஏற முடியாதோர்க்கு இது போதும்.

அடுத்தது மயிலாப்பூர். சென்னையில் ஒரே ஒரு பேட்டையைத்தான் காண நேரம் உண்டு என்று யாரேனும் கேட்டால், நாம் தயங்காமல் இதனையே சொல்வோம். கபாலீசுவரர் கோயில் குளமும் அதைச் சுற்றிய மாட வீதிகளும், பூக்கடைகளும் பாத்திரக்கடைகளும், பழைய ஓட்டு வீடுகளின் மிச்சமும் ஒரு மணி நேரம் சும்மா நடந்தாலே மனத்தில் பதியும். குளத்திலிருந்து சிறிது தொலைவில் லஸ் என்னும் பகுதி. போர்த்துகீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். கடலில் வழி தவறிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாகவும், அது மறைந்த இடத்தில் அவர்கள் நன்றியாக ஆலயம் கட்டியதாகவும் வரலாறு வழங்குகிறது. அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டு குறிக்கிறது. பிரகாச மாதா ஆலயம் என்ற பெயரோடு, காட்டுக் கோயில் என்றும் முதியோர் சொல்வதுண்டு. இன்றைய நெரிசலில் நின்றுகொண்டு, இங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது என்று நம்புவதற்குச் சற்று முயற்சி தேவை!

அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி வந்தால் சாந்தோம் பேராலயம். திருத்தூதரின் கல்லறை மீது போர்த்துகீசியர் கட்டிய பழைய ஆலயத்தை அகற்றி, இப்போதுள்ள வெண்ணிறப் பேராலயம் 1896-இல் முடிக்கப்பெற்றது. 1956-இல் இதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு கிடைத்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் இங்கே வந்து செபித்தார். கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி உண்டு. மேலே பார்த்துவிட்டுக் கீழே இறங்காமல் திரும்புவோரைக் காணும்போது நமக்கு வருத்தமாக இருக்கிறது. பின்புறம் கடலோரமாக உயர்ந்த மரத்தூண் ஒன்று நிற்கிறது. கடல் இதைக் கடக்காது என்று தோமையார் நாட்டியதாக இப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது இந்நம்பிக்கை மீண்டும் பலராலும் பேசப்பட்டது. ஆனால் அதே நாளில் இக்கரையின் மீனவக் குப்பங்கள் பட்ட துயரையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். கரையோரச் சாலையில் நடக்கும்போது, இது வேடிக்கை இடம் மட்டுமன்று, பல நூறு குடும்பங்களின் வாழ்விடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வலை உலர்த்தியிருக்கும் இடத்தில் மிதித்து நடக்காதிருந்தால் அவர்களே கட்டுமரத்தைப் பற்றியும் மீனைப் பற்றியும் அன்போடு சொல்லித் தருவார்கள்.

இனி மெரினா. வெயில் தாழ்ந்தபின் போவதே முறை. கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறிப் பார்க்க 2013 முதல் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. மின்தூக்கி இருப்பதால் முதியோரும் ஏறலாம். ஆனால் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே திறப்பார்கள் என்பதால் விசாரித்துக்கொண்டு போகவேண்டும். வடக்கே நடந்தால் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரின் தோள்களைக் கல் குவாரியில் வேலை செய்வோர் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வர்.

இத்துணை அகன்ற மணல்வெளி இங்கே எப்படி வந்தது என்பதைப் பலரும் அறியார். முற்காலத்தில் கடல் இப்போதுள்ளதைவிட மிகவும் உள்ளே இருந்தது. கோட்டைக்கு அருகிலேயே அலைகள் மோதின. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. 1876-இல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டியதும், அந்த மணல் மேலே போக வழியின்றித் தெற்குப் பக்கத்தில் சேர்ந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். தெற்கே சேர்ந்த மணல் வடக்கே குறைந்தது. இராயபுரத்துக் கரையைக் கடல் அரிக்கலாயிற்று. இன்று அங்கே மணலுக்குப் பதில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கரை பெற்றது மற்றொரு கரை இழந்ததே.

அழகிய இம்மணலுக்கு ஓர் அபாயமும் உண்டு. கரையிலிருந்து சில அடிகளிலேயே கடல் சட்டென ஆழமாகிறது; திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு ஆளையும் இழுக்கும். ஏரியிலும் கிணற்றிலும் நீந்தக் கற்ற நம் இளைஞர்கள் இங்குதான் ஏமாறுகிறார்கள். கிணற்று நீச்சல் கடலில் செல்லாது. ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அவர்களுள் வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள் பலர். கணுக்கால் நனைத்தால் போதும். சிறுவர்களின் கையைப் பெரியவர் ஒருவர் விடாமல் பற்றியிருக்க வேண்டும். புகைப்படம் எடுக்கும் சாக்கில்கூட விடலாகாது. இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெசன்ட் நகரிலுள்ள எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற வளைவு மண்டபம் ஒன்று உண்டு. 1930-இல் நீரில் மூழ்கியோரைக் காப்பாற்றப் பாய்ந்து தன் உயிரை இழந்த டென்மார்க் நாட்டவரான ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது அது. மண்டபத்தின் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்போர் அப்பெயரைப் படிப்பதில்லை. அதே கடற்கரையில் அன்னை வேளாங்கண்ணி திருத்தலமும், சற்றுத் தெற்கே அஷ்டலட்சுமி கோயிலும் உள்ளன. மெரினாவின் நெரிசல் வேண்டாதோர்க்கு இதுவே ஏற்றது. ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அன்னையின் திருவிழாவாதலால் காவி உடுத்த பயணிகளால் தெருக்கள் நிரம்பி வழியும்.

கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் இதே நாளில் சேர்த்தல் இயலாது. அதற்கு மற்றொரு நாள் வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் அபிஷேகம் பெற்ற ஆங்கிலத் திருச்சபையின் மரியன்னை ஆலயமும், அருங்காட்சியகமும் காணத்தக்கவை. தலைமைச் செயலகம் அங்கிருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருகேயுள்ள அர்மீனியர் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது! அரண்மனை எதுவும் அங்கில்லை. 1772-இல் கட்டப்பெற்ற அர்மீனிய ஆலயமும், செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் கூடும் அந்தோனியார் கோயிலும் அதே தெருவில்தான்.

இன்னும் வடக்கே இராயபுரம். இராயப்பர் என்னும் பழந்தமிழ்ப் பெயர் பெற்ற புனித பேதுருவின் ஆலயத்தைப் படகோட்டிகளே பொருள் சேர்த்துக் கட்டினார்கள். அருகிலுள்ள ரயில் நிலையத்தை நம் ஊரார் கட்டாயம் காணவேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் இங்கிருந்துதான் அரக்கோணம் வழியாக வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. நாம் இன்று சென்னைக்கு வரும் பாதையின் பெரும்பகுதி அன்று போடப்பட்டதே.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாலை மின்சார ரயில்களுள் பல அரக்கோணத்தோடு நின்றுவிடும். திருத்தணி என்று பலகையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறவும். இல்லையேல் அரக்கோணத்தில், உறங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு, அடுத்த வண்டிக்காக மேம்பாலம் ஏறி இறங்க நேரிடும்.