மணற்கடிகாரத்தின் மேல் ஒரு மன்னர்

அரபு மொழியில் 'குர்ஸி' என்பது இருக்கையைக் குறிக்கும் சொல். திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்து 255ஆம் வசனம் இச்சொல்லாலேயே 'ஆயத்துல் குர்ஸி' எனப் பெயர் பெற்றது. இறைவனின் குர்ஸி வானங்களிலும் பூமியிலும் விரிந்து பரந்திருப்பதாக ஓதிவரும் ஒரு சமூகத்தில், மண்ணாளும் மன்னரின் இருக்கையை ஓவியர் எங்ஙனம் தீட்டுவார்? முகலாய ஓவியர் பிசித்ர் இவ்வினாவுக்கு வியக்கத்தக்க விடையொன்றை விட்டுச் சென்றுள்ளார்.

தரையில் விரிப்பிட்டு அமர்வதே அக்காலத்து முஸ்லிம் நாடுகளில் பெருவழக்கு. எனவே உயர்ந்த ஆசனம் ஆட்சிக்குரிய அடையாளமாயிற்று. நுண்ணோவியங்களில் பேரரசரை உணர்த்த முகச்சாயலோடு 'தக்த்' எனும் அரியணையும் துணைநின்றது. பொன்னும் மணியும் இழைத்து அதனைத் தீட்டுவதே மரபு.

ஏறத்தாழ 1615க்கும் 1618க்கும் இடையில் பிசித்ர் வரைந்த ஓவியம் இம்மரபினின்று விலகி நிற்கிறது. வாஷிங்டன் நகரின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ள அப்படத்தில், ஜஹாங்கீர் அமர்ந்திருப்பது ஒரு மாபெரும் மணற்கடிகாரத்தின் மேல். மேற்குமிழிலிருந்து கீழ்க்குமிழுக்கு மணல் சரிந்து கொண்டிருக்கிறது, பெரும்பகுதி இறங்கிவிட்டது. ஐரோப்பியப் பாணியிலான இரு சிறகுச் சிறார்கள், மன்னரின் ஆட்சி ஆயிரம் ஆண்டு நீடிக்க வேண்டுமென்று அக்கண்ணாடியின் மீதே எழுதுகின்றனர். வாழ்த்து வெளியே எழுதப்படுகிறது. காலம் உள்ளே கரைகிறது.

மன்னரின் எதிரே நால்வர் மேலிருந்து கீழாக வரிசை பெற்றுள்ளனர். முதலிடம், அஜ்மீர் சிஷ்தி தர்காவைச் சேர்ந்த ஷெய்கு ஹுஸைன் எனக் கருதப்படும் முதியவருக்கு. அடுத்து உதுமானிய சுல்தான்; அவருக்குக் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ்; கடைசியில், கையில் படமேந்திய பிசித்ர். மன்னர் நூலொன்றை அளிப்பது ஷெய்குக்கே. அவரோ அதனை வெறுங்கையால் பற்றாமல், விரித்த துணியில் ஏந்துகிறார். பிசித்ர் தமது பெயரைப் பொறித்த இடமும் கருதத்தக்கது. மன்னர் ஆசனமேறும்போது மிதிக்கும் பாதபீடமே அது.

இவ்வமைப்புக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1613 முதல் 1616 வரை ஜஹாங்கீர் அஜ்மீரில் தங்கியிருந்தார். 1614இல் கடும் நோயுற்று நலம் பெற்றபின், காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் அடியார் என்பதற்கு அடையாளமாகக் காது குத்திக்கொண்டார். மதுவுக்கும் அபினுக்கும் ஆட்பட்டதைத் தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காது எழுதியவரும் அவரே. தம் நாள்கள் எண்ணப்படுவதை அவர் உணராதவரல்லர்.

ஓவியத்தின் நோக்கம் மன்னரைப் புகழ்வதே, ஐயமில்லை. அவர் தலைக்குப் பின்னே சூரியனும் சந்திரனும் இணைந்த பேரொளி வட்டம் சுடர்கிறது. ஆனால் அவ்வொளியைத் தாங்கி நிற்பதோ சரியும் மணல். புகழுரையின் நடுவே நிலையாமையை வைக்க ஓவியரும், அதனை ஏற்க அரசவையும் அஞ்சவில்லை.

ஜஹாங்கீர் 1627இல், ஹிஜ்ரி 1037இல், மறைந்தார். அவருடைய மைந்தர் ஷாஜஹான் 1635இல் மணிகள் இழைத்த மயிலாசனத்தில் அமர்ந்தார். 1739இல் நாதிர்ஷா அதனைக் கவர்ந்து சென்றார். பொன்னால் ஆன அரியணை கைமாறி மறைந்தது; தாளில் தீட்டிய மணல் அரியணை எஞ்சியிருக்கிறது. அதிகாரத்தின் இருக்கை எதுவாயினும் அது இரவல் காலத்தின் மேல் அமைந்ததே என்பதை அது இன்றும் உணர்த்துகிறது.