கல்லும் மணலும் காற்றும்: நெடுந்தீவில் துவிச்சக்கர வண்டிப் பயணம்

துவிச்சக்கர வண்டி ஓடத் தெரியாத பிள்ளையை நமது தீவகத்தில் காண்பது அரிது. ஆயினும், தார் வீதியில் ஓடப் பழகியவர் கல்லும் மணலும் நிறைந்த வெளியில் இறங்கியதும் மீண்டும் மாணாக்கராகிவிடுகின்றார். அமெரிக்காவின் கலிபோர்னியா மலைச்சரிவுகளில் 1970களில் இளைஞர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளை ஓடிக் களித்தனர். அவ்விளையாட்டு 1996ஆம் ஆண்டு அத்லாந்தா ஒலிம்பிக்கில் இடம்பெறுமளவுக்கு வளர்ந்தது. நமக்கு மலையில்லை; ஆனால், பாலைநிலத்தை நினைவூட்டும் நெடுந்தீவு உண்டு.

கரம்பொன்னிலிருந்து புறப்படுவோர் வேலணை வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். இடையிலுள்ள தாம்போதியிற் காற்றுப் பலமாக வீசும். உடலைச் சற்றே தாழ்த்தி, சீராக உழக்குதல் நன்று. வண்டியை ஏற்ற இடமுண்டா, திரும்பும் படகு எப்போது என்பவற்றை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மணலில் ஓடுவோர் ரயரின் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். அப்போது ரயர் நிலத்திற் படும் பரப்பு அகலும். பாரம் பரவுதலாற் சில்லுப் புதைவது குறையும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, கல்லில் மோதும்போது சில்லின் விளிம்பு ரியூப்பை நசுக்கிப் பிளந்துவிடும். உடற்பாரத்தைப் பின்சில்லின்மேல் வைத்து, கைபிடியை இறுகப் பற்றாது ஓட வேண்டும். மணலில் முன்சில்லை வெடுக்கெனத் திருப்புதலும், முன் பிறேக்கைச் சடுதியாகப் பிடித்தலும் விழுவதற்கே வழி.

நெருஞ்சி முள்ளும் பனங்கருக்கும் ரயருக்குப் பகை. ஆதலால் ஒட்டுப்போடும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் உடனிருத்தல் அவசியம். சோளகம் வீசுங் காலத்தில், உடல் சோராத காலையில் எதிர்காற்றில் தென்மேற்கு நோக்கிச் சென்று, காற்றைப் பின்னே கொண்டு துறைக்குத் திரும்புவது அறிவுடைமை. வீடு வந்ததும் வண்டியிற் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் இடுக.

இவை யாவற்றினும் முதன்மையானது நீர். நெடுந்தீவிற் பல கிணறுகளின் நீர் உவரானது. நன்னீர் அங்கே அருமையான பொருள். ஒருவர் மூன்று லீற்றர் நீரேனும் கொண்டுசெல்லல் வேண்டும். தலைச்சுற்றலோ, வாந்தியோ, நடுக்கமோ தோன்றினால், உடனே நிழலில் அமர்ந்து, உடலை நனைத்துக் குளிர்வித்து, சிறிது சிறிதாக நீர் பருக வேண்டும். கூட வந்தவர் அவரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. நீர் கொண்டுசெல்லாத விருந்தாளி, அவ்வூர்த் தாய் குடத்திற் சுமந்து வந்த நீரையன்றோ குடித்துத் தீர்க்கிறான்?

அங்குள்ள முருகைக்கல் மதில்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. வண்டியைத் தூக்கிக் கடத்துவதற்காக ஒருவர் சரித்த கல்லின் வழியே மாடுகள் புகுந்து ஒரு குடும்பத்தின் பயிரை அழித்துவிடலாம். வெளியிலே மேயும் குதிரைகள், ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திற் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. வரட்சிக் காலங்களில் நீரின்றி அவை மடிந்ததுமுண்டு. படம் எடுக்கும் ஆவலில் வண்டியால் அவற்றைத் துரத்துவது, எஞ்சியிருக்கும் அவற்றின் வலிமையையும் பறிப்பதாகும்.

மாணவர்களே, விடுமுறையில் நெடுந்தீவுக்குச் சென்று வாருங்கள். எவ்வளவு விரைந்து ஓடினோம் என்பதைப் பின்னர் மறந்துவிடுவோம். ஒரு கல்லையும் சரிக்காது, ஒருவர் குடிநீரையும் குறைக்காது திரும்பினோம் என்னும் மனநிறைவோ நெடுநாள் நிலைக்கும்.