உறைந்தது காற்றாலை மட்டுமா? டெக்சாஸ் இருட்டு சொல்லும் பாடம்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. நள்ளிரவு கடந்து இரண்டு மணியை நெருங்கும் நேரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்சாரத்தை நிர்வகிக்கும் 'எர்காட்' அமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

அங்கே மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும் (நம் ஊரில் 50). அது 59.4-க்குக் கீழே போய்விட்டது. ஒன்பது நிமிடங்கள் அப்படியே நீடித்தால், மின்நிலையங்கள் தங்கள் இயந்திரங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நிற்கத் தொடங்கும். அப்புறம் ஏறக்குறைய மாநிலம் முழுக்க இருட்டுதான். மறுபடி உயிர் கொடுக்க வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

லட்சக்கணக்கான வீடுகளின் கரன்டை அவசர அவசரமாக நிறுத்தித்தான் அந்த எண்ணை மேலே கொண்டுவந்தார்கள். அப்போது மிச்சம் இருந்தது 4 நிமிடம் 37 நொடி.

முழு இருட்டிலிருந்து மாநிலம் தப்பியது. ஆனால், நிறுத்திய கரன்ட் பல வீடுகளுக்கு மூன்று, நான்கு நாள்கள் திரும்பி வரவில்லை. வெளியே டாலஸ் நகரில் குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. அந்த மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட்டர் ஓடுவது மின்சாரத்தில்தான். கரன்ட் போனால் சூடும் போச்சு. குழாய்கள் உறைந்து வெடித்தன. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன.

மாநிலச் சுகாதாரத் துறை எண்ணிய சாவுகள் 246. அதில் 161 பேர் குளிர் தாங்காமல் இறந்தவர்கள். 19 பேர் கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையால் இறந்தவர்கள். கதகதப்புக்காக வீட்டுக்குள் அடுப்புக்கரி மூட்டியவர்களும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்களும் அந்த வாரம் ஏராளம்.

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின்... பிள்ளைகளோ உறவினர்களோ வேலைக்குப் போயிருக்கிற ஊர்கள் என்பதால் நம் வீடுகளிலும் பலருக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். "போனில் சார்ஜ் இல்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் சொல்லக்கூடிய ஒரு வாரத்தை இங்கே யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை.

முதல் பழி யார் மேல்?

வீடுகள் இருட்டில் இருக்கும்போதே பழி போடும் வேலை தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 16 இரவு, டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் பேசினார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதல்வர் மாதிரி.) காற்றாலையும் சூரிய மின்சாரமும் நின்றுபோனதுதான் மாநிலத்தை இந்த நிலைக்குத் தள்ளியது, 'கிரீன் நியூ டீல்' வந்தால் நாட்டுக்கே ஆபத்து என்ற பொருளில் சொன்னார். அந்த 'டீல்' வாஷிங்டனில் ஒரு தரப்பு முன்வைத்த யோசனை மட்டுமே. டெக்சாஸில் அது சட்டமாக இருந்ததே இல்லை.

பனி மூடிய காற்றாலை மீது ஹெலிகாப்டர் ஒன்று பறந்து பனியைக் கரைக்கும் படமும் அப்போது உலகம் சுற்றியது. "பாருங்கள், பசுமை மின்சாரத்தின் லட்சணத்தை!" என்று பலர் பகிர்ந்தார்கள. அது டெக்சாஸே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் எடுத்த படம்.

மறுநாள் செய்தியாளர் சந்திப்பில், எல்லா வகை மின் உற்பத்தியுமே பாதிக்கப்பட்டது என்று ஆளுநரே சொன்னார். ஆனால் முதல் நாள் பேச்சு ஊரைச் சுற்றி முடித்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தில் ஒரு மூலையை மட்டும் காட்டிக் கோணல் என்றார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றாலைகள் உறையவில்லையா? உறைந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அவை மட்டும்தான் உறைந்தனவா?

அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும், வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பும் சேர்ந்து 2021 நவம்பரில் விசாரணை அறிக்கை வெளியிட்டன. டெக்சாஸிலும் அண்டைப் பகுதிகளிலும் அந்த வாரம் 1,045 மின் உற்பத்தி அலகுகள் தடுமாறின. அவற்றில் 58 சதவிகிதம் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. காற்றாலை 27, நிலக்கரி 6, சூரிய மின்சாரம் 2 சதவிகிதம். அணு மின்நிலையமும் தப்பவில்லை. 'சவுத் டெக்சாஸ்' அணு மின்நிலையத்தில் ஓர் அலகு நின்றதற்குக் காரணம், நீரழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு குழாய் உறைந்தது!

இன்னொரு விஷயம். நம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சும்மா பறக்கும். மார்கழியில் சோம்பல் முறிக்கும். இது மின்வாரியத்துக்குத் தெரியும், அதற்கேற்பத் திட்டமிடுவார்கள். டெக்சாஸிலும் அப்படித்தான். குளிர்காலத்தில் காற்றாலை கொஞ்சம்தான் தரும் என்று கணக்குப் போட்டு, பெரும்பகுதிக்கு எரிவாயுவையும் நிலக்கரியையும் அணு மின்சாரத்தையும் நம்பியிருந்தார்கள். மழைக்கு நம்பியிருந்த குடையே கிழிந்துபோன கதைதான் நடந்தது.

ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு...

எரிவாயு ஏன் கவிழ்ந்தது? பூமியிலிருந்து வரும் வாயுவோடு நீரும் வரும். கடுங்குளிரில் அது கிணற்று வாயிலிலும் குழாய்களிலும் உறைந்து அடைத்துக்கொண்டது. சில நாள்களில் டெக்சாஸின் எரிவாயு உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

இதோடு ஒரு விசித்திரமும் சேர்ந்தது. வாயுவைச் சுத்திகரிக்கவும் குழாயில் தள்ளவும் பல இடங்களில் மின்சாரம் தேவை. மருத்துவமனைக்குக் கரன்ட் நிறுத்தக் கூடாது என்பதுபோல, இந்த இடங்களும் முக்கியமானவை என்ற பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பல இடங்கள் அதில் பதிவாகவே இல்லை. ஆகவே மின்வெட்டு வந்ததும் அவற்றுக்கும் கரன்ட் போனது. கரன்ட் இல்லாததால் வாயு குறைந்தது. வாயு குறைந்ததால் இன்னும் மின்நிலையங்கள் நின்றன. ஒரு கட்டத்தில் எர்காட்டின் மொத்த உற்பத்தித் திறனில் ஏறக்குறைய பாதி முடங்கிக் கிடந்தது.

மின்வெட்டைப் பகுதி பகுதியாக மாற்றிப் பகிர்வதுதான் திட்டம். ஆனால், மருத்துவமனை போன்ற முக்கிய இடங்கள் இருக்கும் லைன்களை ஒதுக்கிய பிறகு, மாற்றி மாற்றி நிறுத்த லைன்களே மிச்சமில்லை. அதனால்தான் ஆள் இல்லாத அலுவலகக் கோபுரங்கள் நகர மையங்களில் ஜொலிக்க, பக்கத்துக் குடியிருப்புகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன.

அண்டை மாநிலங்களிலும் மின்வெட்டு வந்தது. ஆனால் நாள்கணக்கில் அல்ல. கிழக்கிலிருந்து மின்சாரம் வாங்க அவர்களுக்குப் பெரிய இணைப்புகள் இருந்தன. டெக்சாஸின் பெரும்பகுதி, மத்திய அரசின் ஒழுங்குமுறைக்குள் வராமல் இருப்பதற்காகவே தன் மின்கட்டமைப்பைத் தனித் தீவாக வைத்திருக்கிறது. நம் தென்னிந்திய மின்கட்டமைப்பும் ஒரு காலத்தில் தனித்துத்தான் இயங்கியது. 2013 டிசம்பர் 31-ல்தான் நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுமையாக இணைந்தது.

பத்து வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கை

2011 பிப்ரவரியிலும் டெக்சாஸை இதேபோல் குளிர் தாக்கியது. அப்போதும் மின்நிலையங்கள் உறைந்தன, அப்போதும் மின்வெட்டு. விசாரித்து அறிக்கையும் கொடுத்தார்கள். மின்நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிருக்குத் தயார்ப்படுத்துங்கள் என்று அதில் தெளிவாகவே இருந்தது. குழாய்க்கு உறை போடுவது, சூடேற்றும் கம்பி சுற்றுவது, காற்றுத் தடுப்பு வைப்பது போன்ற வேலைகள். ஸ்வீடனிலும் கனடாவிலும் காற்றாலைகள் பனியில் சுழல்வது இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான்.

ஆனால், டெக்சாஸில் யாரையும் இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. செலவு செய்தால் லாபம் குறையும். செய்யாவிட்டால் கேட்பார் இல்லை. மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோ நகரம் மட்டும் வேறு கட்டமைப்பில் இணைந்தது. 2011-ல் அடி வாங்கிய அந்த ஊர் மின் நிறுவனம், அதற்குப் பிறகு குளிருக்காகச் செலவு செய்தது. 2021-ல் அங்கே விளக்குகள் பெரும்பாலும் அணையவில்லை.

எந்த எரிபொருள் கெட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி வராது: 2011-லேயே தெரிந்தும் ஏன் செய்யவில்லை? காற்றாலைக்கு வாய் இல்லை. அது பதில் சொல்லப் போவதில்லை. அதன் மேல் பழி போட்டால், பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம். "எல்லாம் எரிவாயுவால் வந்த வினை" என்று எதிர்த்தரப்பு சொன்னாலும் நடப்பது அதேதான்.

பில் யார் கட்டினார்கள்?

அந்த நாள்களில் மொத்த விலைச் சந்தையில் மின்சாரம் மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நிறுத்தப்பட்டது. ஒரு யூனிட்டுக்கு 9 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 650 ரூபாய். சந்தை விலைக்கே மின்சாரம் வாங்கும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. மின், எரிவாயு நிறுவனங்களுக்கு ஏறிய கடனில் பெரும்பகுதியும் பத்திரங்களாக மாற்றப்பட்டு, பல ஆண்டுகளுக்கு வாடிக்கையாளர்களின் பில்லில் வசூலாகிறது. இருட்டில் நடுங்கியவர்களே அந்த இருட்டுக்குத் தவணையும் கட்டுகிறார்கள்.

தலைகளும் உருண்டன. எர்காட்டின் தலைமை அதிகாரி நீக்கப்பட்டார். மாநில மின் ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். அந்த ஆண்டே வந்த புதிய சட்டம், குளிருக்குத் தயாராவதை மின்நிலையங்களுக்குக் கட்டாயமாக்கியது. மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். எரிவாயு நிறுவனங்களுக்கோ, 150 டாலர் கட்டி விலக்கு கேட்கலாம் என்று முதலில் ஒரு வழி வைத்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்களே கொதித்த பிறகுதான் அந்த விதி இறுக்கப்பட்டது.

பலன் இருந்ததா? 2024 ஜனவரியில் மறுபடி கடுங்குளிர். மின் தேவை 78,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2021-ல் தொட்ட உச்சத்தைவிட அதிகம். பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்த வேண்டிய நிலை வரவில்லை. இத்தனைக்கும் காற்றாலைகளை யாரும் பிடுங்கிப் போடவில்லை. எரிவாயு நிலையங்களை மூடவும் இல்லை. உறை போட வேண்டிய இடத்தில் உறை போட்டார்கள். புதிதாகச் சூரிய மின்சாரமும் பேட்டரிகளும் சேர்ந்தன.

கரன்ட் போனால் உடனே யாரையாவது திட்டத் தோன்றும். அது இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஓர் எரிபொருளைச் சுட்டிக்காட்டி "இதுதான் குற்றவாளி" என்றால், சுட்டும் விரலுக்குப் பின்னால் இருப்பவரையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. இது வரும் என்று அவருக்கு முன்பே யாராவது எழுதிக் கொடுத்திருந்தார்களா? டெக்சாஸில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து வருடம் அது அலமாரியில் தூங்கியது.