நுவரெலியாவில் எங்கே தங்குவது? ஒரு வியாபாரியின் கணக்கு



கொடிகாமம் சந்தையில் காலை ஏழு மணிக்குப் பலாப்பழத்துக்கு ஒரு விலை. வெயில் ஏறினால் இன்னொரு விலை. பின்நேரம் கடை கட்டும்போது, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பழுத்த பழத்தை நாளைக்கு வைத்திருக்க ஏலாது. 2010 இல் ஊர் திரும்பியதிலிருந்து தேங்காயும் பலாப்பழமும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவதுதான் என் தொழில். ஆகவே இதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் விடுதி அறையும் ஒரு பலாப்பழம்தான் என்பதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். சொல்லப்போனால் அறை அதைவிட மோசமான சரக்கு. பழம் ஒரு நாளாவது தாங்கும். இன்றிரவு விற்கப்படாத அறை விடிந்தால் இல்லை. விடுதிக்காரர் கேட்கும் விலை எல்லாம் இந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. இது தெரியாமல் குடும்பத்தோடு நுவரெலியா போனால் என்ன நடக்கும் என்பதை என் சொந்தச் செலவில் படித்தேன். வாசகர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மிச்சம் பிடிக்கப் போன கதை

2024 இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. பெருநாள் முடிந்த கையோடு பன்னிரண்டு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். அதில் என் உம்மாவும் ஒருவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டியவர். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டதற்குப் பிறகு அவர் செய்த தூரப் பயணமெல்லாம் அகதிப் பயணமும் ஆஸ்பத்திரிப் பயணமும்தான். ஆசைப்பட்டுப் போன முதல் பயணம் இது. “தேயிலைத் தோட்டத்தைக் கண்ணால பார்க்கணும் மகன்” என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகருக்குள் ஓர் இடத்தில் அறை ஒன்று ஓர் இரவுக்கு 20,000 ரூபா, காலைச் சாப்பாட்டுடன் என்றார்கள். மூன்று அறை, இரண்டு இரவு, மொத்தம் 120,000. இன்னொரு விடுதியில் 14,000 தான், ஆனால் முழுப் பணமும் முன்னதாகக் கட்ட வேண்டும். மொத்தம் 84,000. படங்கள் அழகாக இருந்தன. “குளத்திலிருந்து ஐந்து நிமிடம்” என்று போட்டிருந்தார்கள். 36,000 ரூபா மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக் கட்டிவிட்டேன்.

ஐந்து நிமிடம் என்பது மலையிலிருந்து வாகனத்தில் இறங்கி வர எடுக்கும் நேரம். கடைசித் துண்டுப் பாதையில் எங்கள் வேன் ஏறவே இல்லை. பிறகு படிகள். உம்மாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். அறைக்குள் ஹீற்றர் இல்லை. சுடுநீர் மூன்று பேர் குளித்ததோடு முடிந்தது. இரவு இரண்டு மணிக்கு உம்மாவுக்கு முட்டு வந்துவிட்டது. அந்த இருட்டில் படிகளால் இறக்கி, முச்சக்கரவண்டி பிடித்து நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், விடியுமுன் மூச்சு சீரானது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் பட்ட பாட்டை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

எழுதக்கூடிய கணக்கு இது. முதல் விடுதிக்குக் கட்டிய 84,000 திரும்பவில்லை. இரண்டாம் இரவு நகருக்குள் மாறியதற்கு 60,000. முச்சக்கரவண்டி 8,000. மருந்தும் சில்லறைச் செலவும் 6,000. முதல் நாள் காலைச் சாப்பாடு வெளியில் 9,000. மொத்தம் 167,000 ரூபா. 36,000 மிச்சம் பிடிக்கப் போய் 47,000 கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் கரட் அனுப்பும் நுவரெலியா வியாபாரி ஒருவர்தான் அன்று நகருக்குள் அறை எடுத்துத் தந்தவர். அவர் சொன்னார்: “நானா, இங்க ரூமைப் பார்க்க முதல் ரோட்டைப் பார்க்கணும். அதுக்கும் முதல் கலண்டரைப் பார்க்கணும்.” முப்பது கட்டுரை எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முதலில் திகதி

ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம் என்று கொழும்பே மலை ஏறிவிடும். டிசம்பர் பாடசாலை விடுமுறையும், போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளும் அப்படித்தான். அறைகளின் எண்ணிக்கை கூடாது, ஆட்கள்தான் கூடுகிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்? இது நமது நாட்டுக் குணமும் அல்ல. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் என்ற மலை நகரில் ஜனவரியில் உலகப் பொருளாதார மன்றம் கூடும் வாரத்தில் அறை விலை பல மடங்காகிறது. அதே கட்டில், அதே போர்வை. திகதிதான் வேறு.

நமக்கு ஒரு வசதி உண்டு. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறைகள் றமழானை ஒட்டி வருவதால் மற்றப் பாடசாலைகளின் விடுமுறையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால், 2024 இல் பட்ட நெருக்கடி இனிச் சில காலத்துக்கு அப்படியே வராது. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே மழையும் குறைவு. ஏப்ரலுக்கு முன், வார நாட்களில் போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். பேரம் பேசும் பலம் அப்போது வாங்குபவர் கையில் இருக்கும்.

அடுத்தது இடம்

கொடிகாமத்திலிருந்து கண்டி வழியாக நுவரெலியா சுமார் 370 கிலோமீற்றர். ஒரே மூச்சில் போக நினைப்பவர்கள் கம்பளை, புசல்லாவை, றம்பொடை மலைப்பாதையில் இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஏற வேண்டிவரும். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை, கெரண்டி எல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடக்கூடாது. எனவே முதல் இரவை மாத்தளை, கண்டிப் பக்கம் கழித்துவிட்டு, மறுநாள் பகலில் மலை ஏறுங்கள். ஏ-9 வீதியிலேயே அக்குறணை இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் குறைவில்லை. சாரதியும் ஒரு மனிதன். அவருக்கும் தூக்கம் வேண்டும். அவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதை விடுதியில் முதலே கேட்டுவிடுங்கள்.

ரயிலில் போகிறவர்கள் பொல்காவலையில் மாறி மலையகப் பாதையில் நானுஓயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து நகருக்கு இன்னும் சுமார் 8 கிலோமீற்றர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகையால் ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்ட பின்பே விடுதிக்குப் பணம் கட்டுங்கள்.

நகரில் தங்கும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் அண்டிய பகுதி. காட்சி குறைவு, சத்தம் கூட. ஆனால் கடை, மருந்தகம், சாப்பாடு, ஜும்ஆப் பள்ளிவாசல் எல்லாம் கிட்ட. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் இதுதான் பொருத்தம். இரண்டாவது, ஆளுநர் கிரெகரி காலத்தில் 1873 இல் உண்டாக்கப்பட்ட கிரெகரி வாவியைச் சுற்றிய பகுதி. சமதரை, நடந்து திரியலாம். சீசனில் வாகன நெரிசலும் விலையும் அதிகம். மூன்றாவது, மலைச்சரிவுகளும் நகருக்கு வெளியே உள்ள இடங்களும். காட்சி அருமை, விலையும் மலிவு. ஆனால் ஒவ்வொரு தடவை இறங்கி ஏறவும் காசு. சொந்த வாகனமும் திடகாத்திரமான ஆட்களும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். உலக முடிவைப் பார்க்க ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் மூடுபனி எழும்ப முன், அதிகாலையிலேயே அங்கு நிற்க வேண்டும். அவர்களுக்குப் பட்டிப்பொல, அம்பேவெல பக்கம் ஓர் இரவு தங்குவது வசதி.

குளிரும் சுடுநீரும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். அதாவது நமது ஊரைவிடப் பன்னிரண்டு பாகையளவு குளிர். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. யாழ்ப்பாணத்து உடம்புக்கு இது விளையாட்டல்ல.

வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களாக்களில் தடித்த சுவர், பலகைத் தரை, கணப்படுப்பு எல்லாம் இருக்கும். அவர்கள் குளிரை அறிந்து கட்டினார்கள். இன்று எழும்பும் கொங்கிறீற்றுக் கட்டடங்கள் பலவற்றில் தரை முழுக்க மாபிள் ஓடு, சுவர் முழுக்கக் கண்ணாடி. படத்தில் பளபளக்கும், இரவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் படுத்த மாதிரி இருக்கும். ஆகவே கேளுங்கள்: அறைக்குள் ஹீற்றர் இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா? ஆளுக்கு எத்தனை கம்பளி? சுடுநீர் இருபத்துநான்கு மணித்தியாலமும் வருமா? முப்பது லீற்றர் கீஸர் ஒன்று இரண்டு, மூன்று பேருக்குத்தான் காணும். ஸுபஹுக்கு வுழூச் செய்யும்போது அது காலியாக இருந்தால் வயதானவர்கள் பாடு கஷ்டம்.

ஓர் எச்சரிக்கை. குளிருக்கென்று கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிட்டு ஒருபோதும் படுக்க வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

சொன்ன விலையும் கட்டும் விலையும்

பெரிய விடுதிகளின் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 20,000 ரூபா அறைக்குப் பத்து வீதச் சேவைக் கட்டணம் 2,000. அந்த 22,000 இன் மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி 3,960. கையால் போவது 25,960. வேறு சிறு வரிகளும் சேரலாம். மூன்று அறை, இரண்டு இரவு என்றால் வித்தியாசம் மட்டும் 35,760 ரூபா. ஆகையால் “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரிக்குப் பதிவு செய்யாத சிறு விடுதி வரி என்று சொல்லி அறவிட முடியாது.

இணையத்தில் பார்த்தாலும் ஒருமுறை நேரடியாகப் பேசுங்கள். இடைத்தரகுத் தளங்களுக்கு விடுதிக்காரர் தரகு கொடுக்கிறார். நேரே வருபவருக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரும். முற்பணம் எவ்வளவு, வராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் அப்போதே பேசுங்கள். முழுப்பணத்தையும் முன்னரே கட்டுபவர், குறை இருந்தால் பேசும் வாயையும் சேர்த்தே கட்டிக்கொடுக்கிறார். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

சாப்பாடும் மலைச்சரிவும்

காலைச் சாப்பாடு சேர்ந்த விலை நமக்கு எப்போதும் இலாபம் என்றில்லை. சமையலறையில் என்ன சமைக்கிறார்கள் என்பது தெரியாவிட்டால் அந்தக் காசு வீண். பெரிய குடும்பங்களுக்குச் சமையலறையோடு கூடிய பங்களாவை முழுதாக எடுப்பது நல்லது. அரிசியும் கோழியும் நாமே வாங்கிச் சமைக்கலாம், சேர்ந்து தொழுவதற்கு மண்டபமும் கிடைக்கும். ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் பல வேளைகளில் தனி அறைகளைவிட மலிவு.

கடைசியாக, விடுதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்ணை நிமிர்த்தி வெட்டி அதற்குக் கீழே கட்டிய கட்டடமா? டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவு எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நாடே பார்த்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். புறப்பட முதல் அதைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பயணத்தைத் தள்ளிப்போட்டால் முற்பணம் போகும், அதோடு முடிந்துவிடும்.

2025 பெப்ரவரியில், றமழானுக்கு முன், உம்மாவை மறுபடியும் கூட்டிப்போனேன். நான்கு பேர், வார நாள். ஏப்ரலில் 20,000 கொடுத்த நகர விடுதியின் அதே அறை 11,000 ரூபா, எல்லாம் சேர்த்து. ஹீற்றர் இருந்தது, படி இருக்கவில்லை. ஸுபஹ் தொழுதுவிட்டுப் போர்வையோடு ஜன்னலடியில் உட்கார்ந்து, வெளியே பனி விலகுவதை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். “இது நல்ல இடம் மகன். போன முறையே இங்க வந்திருக்கலாமே” என்றார். எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

வாங்குகிற சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், குடும்பத்தைப் படுக்கவைக்கும் இடத்தையும் நாலு கேள்வி கேட்டு வாங்குவோம்.