பழைய ஜாடியும் புதிய ஊறுகாயும்

கோடை பிறந்துவிட்டால் செட்டிநாட்டு வீடுகளின் முற்றங்களில் வெயிலுக்கும் வேலை வந்துவிடுகிறது. வடகமும் வற்றலும் ஒருபுறம் காய, மறுபுறம் மாங்காயும் எலுமிச்சையும் நார்த்தங்காயும் உப்பில் ஊறுகின்றன. அப்போது பரணிலிருந்து பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடி இறங்குகிறது. அது போதாதபோது காப்பித்தூளும் ஜாமும் வந்த கண்ணாடிப் புட்டிகள் அலமாரியிலிருந்து வெளிப்படுகின்றன. எதையும் வீணாக்காத இச்சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும், எந்த ஜாடியை மீண்டும் எடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று ஆராயாத சிக்கனம் குடும்பத்தின் உடல்நலத்தையே விலையாகக் கேட்டுவிடும்.

பரணில் இருந்த ஜாடி

கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுவந்த ஜாடிகளையும் எனாமல் பாத்திரங்களையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் வீதியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் காணலாம். அவற்றின் அழகில் மயங்காதார் இல்லை. ஆனால் பழைய மெருகுப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு. புளிப்பான பண்டம் மாதக்கணக்கில் அதில் ஊறும்போது ஈயம் சிறிது சிறிதாக உணவில் இறங்குகிறது. வளரும் குழந்தையின் மூளைக்கும் கருவுற்ற தாய்க்கும் அது கேடு விளைவிப்பது. கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ அதை அறிய இயலாது. ஆகவே, வரலாறு தெரியாத பழைய ஜாடியும், மெருகு உதிர்ந்த ஜாடியும், மயிரிழை விரிசல் கண்ட ஜாடியும் கூடத்திற்கு அழகு செய்யட்டும், ஊறுகாய்க்கு வேண்டாம்.

கண்ணாடியும் மூடியும்

கடைப் பொருள்கள் வந்த புட்டிகள் பெரும்பாலும் ஒருமுறைப் பயனுக்கென வார்க்கப்பட்டவை. ஆறிய ஊறுகாயை இட்டு வைக்க அவை போதும். கொதிக்கும் தொக்கை அவற்றில் ஊற்றுதல் தவறு. உட்புறம் சட்டென விரிய, வெளிப்புறம் குளிர்ந்தே நிற்பதால் புட்டி வெடித்துவிடும். கரண்டி உரசிய கீறல்கள் இருந்தால் இன்னும் எளிதில் உடையும்.

புட்டியைவிட விரைவில் கெடுவது மூடி. உலோக அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கி வருகிறது. அவ்வரிப்பு நம் சமையலறையிலும் நாள்தோறும் நிகழ்கிறது. உப்பும் புளிப்பும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் தகர மூடி துருவேறாமல் தப்பாது. துரு கண்ட மூடியைத் தேய்த்துக் கழுவி மீண்டும் இடுவதில் பயனில்லை.

1858-இல் ஜான் மேசன் என்ற அமெரிக்கர் திருகுமூடிக் கண்ணாடி ஜாடிக்கு உரிமம் பெற்றார். அவர் வழிவந்த ஜாடிகளில் இன்றும் மேல்நாட்டார் பழமும் காய்கறியும் அடைத்து வைக்கின்றனர். அவர்களும் பழுதில்லாத ஜாடியை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகின்றனர். காற்றுப் புகாமல் அடைக்கும் தட்டை மூடியை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இடுகின்றனர்.

காப்பது ஜாடி அன்று

உண்மையில் ஊறுகாயைக் காப்பது ஜாடி அன்று, உப்பும் புளிப்புமே. எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சையை விலக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது. காற்றில்லாத இடத்திலேயே தழைக்கும் கிருமி ஒன்று உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பது அதன் பெயர். அதன் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. போதிய புளிப்பு இருந்தால் அது வளராது. புளிப்பற்ற பூண்டு எண்ணெயிலும், அவித்து அடைத்த காய்கறியிலும், இறைச்சியிலும் வளர்ந்து நஞ்சைக் கக்கும்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து லங்காஸ்டர் நகரில், ஓர் ஆலயத்தின் அன்பு விருந்தில் 77 பேர் உண்டனர். வீட்டில் ஜாடியில் அடைத்த உருளைக்கிழங்கால் செய்த உணவு அங்கே பரிமாறப்பட்டிருந்தது. அக்கிழங்கை உரிய அழுத்தக் கருவியில் வேகவைக்காமல் வெறும் கொதிநீரில் வைத்து அடைத்திருந்தனர். 29 பேர் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். அன்போடு கொண்டுவந்த உணவே நஞ்சாயிற்று. நம் வீட்டுக் குக்கரும் ஜாடி அடைப்பதற்கென அளந்து சோதித்த கருவி அன்று என்பதை நினைவில் கொள்க.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விளிம்பு உடைந்த, கீறல் விழுந்த புட்டிகளைத் தள்ளிவிடுக. பூச்சிமருந்தோ பினாயிலோ அமிலமோ இருந்த கலத்தை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு எடுக்கற்க.

2. கண்ணாடிப் புட்டியைச் சோப்பிட்டுக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுக. பின் ஈரம் அறவே நீங்க வெயிலில் காயவிடுக.

3. பூஞ்சை பூத்த ஊறுகாயில் மேலாக வழித்துவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கம் வேண்டாம். பூஞ்சை புளிப்பைத் தின்று, பிற கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது.

4. அடைத்த புட்டியின் மூடி புடைத்திருந்தாலோ, திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டாலோ, சுவைத்துப் பாராமலே அப்புறப்படுத்துக.

5. உண்டபின் பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை சரிதல், நாக் குழறுதல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால், நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைக.

நாம் இடும் ஊறுகாய் நம் வீட்டோடு நிற்பதில்லை. மணமாகிப்போன மகளுக்கும், சிங்கப்பூரில் உழைக்கும் மகனுக்கும், பங்குத் தந்தையின் இல்லத்திற்கும், நோயுற்ற அண்டை வீட்டாருக்கும் ஒரு புட்டி செல்கிறது. பெறுகிறவர் நம்மை நம்பியே உண்கிறார்.

கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவர் புதுக் கலங்களைத் தேடவில்லை. அங்கிருந்த ஆறு கற்சாடிகளையே பயன்படுத்தினார். ஆனால் அவை யூதரின் தூய்மைச் சடங்குக்கென வைக்கப்பட்டிருந்தவை என்பதை நாம் மறத்தல் ஆகாது.