கணிப்பான் வாங்கப் போகிறீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாத மாலைப் பொழுதொன்றில் தாயும் மகளும் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றனர். தாய் மீன்கூடை சுமந்து பிழைப்பவர். மகள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. அழுதழுது மகளின் கண்கள் சிவந்திருந்தன. கைப்பையிலிருந்து பளபளப்பான கருவி ஒன்றை எடுத்துத் தாய் என் மேசைமேல் வைத்தார்.

"சாமி, இதைப் பரீட்சைக் கூடத்துக்குள்ளே விடமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். பிள்ளை கையாலேயே கணக்குப் போட்டுப் பாதிக்கு மேலே முடிக்க முடியலையாம்" என்றார்.

கருவியைக் கையிலெடுத்துப் பார்த்தேன். வளைகுடா நாட்டில் உழைக்கும் தாய்மாமன், மருமகள் பொறியியல் படிக்கிறாள் என்ற பூரிப்பில் வாங்கி அனுப்பிய கணிப்பான் அது. வரைபடம் வரையும்; நிரல் எழுதிப் பதித்து வைக்கலாம். விலையோ சாதாரணக் கணிப்பான்கள் ஐந்தாறு வாங்கப் போதுமானது. கண்காணிப்பாளர் விதியைக் காட்டி அதனை வாங்கி வைத்துக்கொண்டார். அவர்மீது குற்றமில்லை. அந்தத் தாளில் அப்பெண் தேறவில்லை.

அன்பிலே குறையில்லை, பொருளிலும் குறையில்லை. ஆயினும், வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை எவரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் காலத்தில் பெற்றோர் பலர், "எந்தக் கால்குலேட்டர் நல்லது?" என்று கேட்கின்றனர். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

தந்தைக்காக ஒரு மகன் செய்தது

கணிக்கும் பொறியின் வரலாற்றில் இல்லறத்தாருக்கு இனிக்கும் செய்தியொன்று உண்டு. பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் வரித்துறை அலுவலராயிருந்த தம் தந்தை இரவும் பகலும் கூட்டல் கழித்தலில் வருந்துவதைக் கண்டு, 1642ஆம் ஆண்டில் பிளேஸ் பாஸ்கல் என்ற இளைஞர் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்குப் பொறியொன்றைச் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. தந்தையின் சுமையைக் குறைக்க மகன் செய்த கருவி அது. இன்று மகனுக்காகவும் மகளுக்காகவும் தந்தையர் கடையேறுகின்றனர்.

அதற்கும் முன்னரே, 1614இல், ஸ்காத்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் மடக்கை என்னும் முறையை வெளியிட்டார். நானும் என் தலைமுறையினரும் அந்த மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டியே பள்ளிக் கணக்குகளைப் போட்டோம். சட்டைப் பையில் அடங்கும் முதல் அறிவியல் கணிப்பான் 1972இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தின் எச்பி 35 என்பது அதன் பெயர். முப்பத்தைந்து பொத்தான்கள் இருந்தமையால் அந்தப் பெயர். விலை 395 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். அதனினும் மிகுந்த ஆற்றலுடைய கருவி இன்று எளிய குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. கிடைப்பது எளிதாகிவிட்டதால், தேர்ந்தெடுப்பதே இன்று அரிதாகிவிட்டது.

முதற் கேள்வி: அனுமதி உண்டா?

கடைக்காரரிடம் விலை கேட்குமுன் கல்லூரியில் விதி கேளுங்கள். நிரல் பதிக்க இயலாத அறிவியல் கணிப்பானையே பொறியியல் தேர்வுகளில் பொதுவாக அனுமதிப்பர். சில கல்லூரிகள் வாங்கத்தக்க வகைகளின் பெயர்களையே அறிவிப்பதும் உண்டு. வரைபடத் திரை உள்ளது, நிரல் ஏற்பது, பிற கருவிகளோடு தொடர்பு கொள்வது ஆகியவற்றை வாங்குமுன் இருமுறை எண்ணிப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை என் அறிவுரை சுருக்கமானது: அவசரப்பட்டு வாங்காதீர்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பொதுத்தேர்வின் கணித, அறிவியல் தாள்களில் கணிப்பானுக்கு இடமில்லை. மடக்கை அட்டவணையே துணை. நீட் தேர்விலும், ஜேஈஈ தேர்விலும் கணிப்பானை உள்ளே கொண்டு செல்ல இயலாது. பதினொன்றாம் வகுப்பிலேயே கருவியைப் பழகிய விரல், தேர்வு நாளில் கருவியின்றித் திகைக்கும். பட்டப்படிப்புக்குப் பின் கேட் தேர்வு எழுதுவோருக்குக் கணினித் திரையிலேயே கணிப்பான் ஒன்று தோன்றும். சொந்தக் கருவியைக் கொண்டு செல்லக் கூடாது. அதற்கு ஆயத்தம் செய்வோர் அந்தத் திரைக் கணிப்பானிலேயே பழகிக்கொள்வது நன்று.

இரண்டாம் கேள்வி: எதற்காக?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர். படிப்புக்குத் தகுந்த கணிப்பான் வேண்டும்.

வணிகவியல், கணக்குப்பதிவியல் பயில்வோருக்கு அறிவியல் கணிப்பானே தேவையில்லை. பெரிய பொத்தான்களும் 12 இலக்கத் திரையும் உள்ள சாதாரணக் கணிப்பானே அவர்களுக்கு உற்ற துணை.

இயற்பியல், வேதியியல், புள்ளியியல், பொருளியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பயில்வோருக்கு, நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் காசியோ எஃப்எக்ஸ் 82 எம்எஸ் போன்ற எளிய வகை பெரும்பாலும் போதும். அதில் 240 செயற்பாடுகள் உள்ளன. மடக்கை, கோணவியல், சராசரி, திட்டவிலக்கம் யாவும் அதில் அடங்கும்.

பொறியியல் மாணவருக்கு இது போதாது. மின்னியல் மாணவர் கலப்பெண்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறார். கட்டடவியல் மாணவர் சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்க்கிறார். கணிதத் தாளிலோ அணிகளும் தொகையீடும் வருகின்றன. இவையெல்லாம் எஃப்எக்ஸ் 82 எம்எஸ் வகையில் இல்லை. எஃப்எக்ஸ் 991 எம்எஸ் வகையில் உண்டு. அதன் செயற்பாடுகள் 401. அதற்கடுத்த 991 ஈஎஸ் பிளஸ் வகையில் 417 செயற்பாடுகள் உள்ளன. எண்ணிக்கை வேறுபாடு சிறிதே. ஆனால் பின்னமும் வர்க்கமூலமும் பாடநூலில் அச்சிட்டவாறே அதன் திரையில் தோன்றுவதால் பிழையைக் கண்டுகொள்வது எளிது. கையில் பணம் குறைவாயின் 991 எம்எஸ் போதும். நான்காண்டுப் படிப்பை அதனைக் கொண்டே முடித்தவர் ஏராளம்.

வாங்கும்போது

புகழ்பெற்ற கருவிக்குப் போலியும் உண்டு. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஏமாற வேண்டாம். சில போலிகளில் சூரிய ஒளித்தகடு வெறும் அலங்காரமே. இரசீதும் உத்தரவாதச் சீட்டும் தரும் கடையில் வாங்குங்கள். கடையிலேயே பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். எண்கள் தெளிவாகத் தெரிகின்றனவா எனச் சாய்த்தும் நிமிர்த்தியும் நோக்குங்கள். பயன்படுத்தாத பொழுதில் மூடியிட்டு வையுங்கள். பின்புறத்தில் பிள்ளையின் பெயரை ஊசியால் கீறி வைப்பதும் நல்ல வழக்கம்.

வாங்கிய பின்

கருவி வாங்கியவுடன் கணக்கு வந்துவிடுவதில்லை. மூன்று இடங்களில் மாணவர் வழுக்கி விழுகின்றனர்.

முதலாவது, கோண அளவு. 30 பாகையின் சைன் மதிப்பு அரை, அதாவது 0.5. கருவி ரேடியன் முறையில் இருந்தால் அதே கேள்விக்கு -0.988 என்று விடை தரும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி வேறு. திரையின் மேற்புறம் 'டி' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் பாகை, 'ஆர்' இருந்தால் ரேடியன். கோணவியல் சார்புகளின் தொகையீட்டுக்கு ரேடியன் வேண்டும். பாகையில் கொடுத்த கோணங்களுக்குப் பாகை முறை வேண்டும். தேர்வுக்கூடத்தில் அமர்ந்ததும் சைன் 30 என்று அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குவோர் தப்பித்துக்கொள்வர்.

இரண்டாவது, அடைப்புக்குறி. குறை மூன்றின் வர்க்கம் 9. அடைப்புக்குறியிடாமல் அழுத்தினால் பல கருவிகள் -9 என்று காட்டும். ஏனெனில் அவை மூன்றை முதலில் வர்க்கமாக்கிப் பின்னரே குறையைச் சேர்க்கின்றன. அவ்வாறே, ஒன்றை இரண்டு பையால் வகுக்கும்போதும் கருவிக்குக் கருவி விடை மாறக்கூடும். ஐயம் எழும் இடமெங்கும் அடைப்புக்குறி இடுங்கள்.

மூன்றாவது, திட்டவிலக்கம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்னும் எட்டு எண்களுக்கு ஒரு பொத்தான் 2 என்றும், மற்றொன்று 2.138 என்றும் விடை தரும். இரண்டும் சரியே. முன்னது முழுத் தொகுதிக்கானது, எட்டால் வகுப்பது. பின்னது மாதிரிக் கூறுக்கானது, ஏழால் வகுப்பது. எது வேண்டுமென்று கருவி அறியாது. மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளை மனக்கணக்கிலும் பழக்குங்கள். கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது மொத்தத் தொகையைப் பிள்ளையே வாயால் சொல்லட்டும். விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே அறிந்தவன் கையில்தான் கணிப்பான் ஊழியனாயிருக்கும். அறியாதவனுக்கு அதுவே எசமானன் ஆகிவிடும்.

மூன்று பெயர்கள்

தொடக்கத்தில் சொன்ன பெண்ணின் கதைக்கு வருகிறேன். படிப்பை முடித்துச் சென்ற மாணவி ஒருவரிடம் பழைய 991 எம்எஸ் ஒன்றைப் பாதி விலைக்கு அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரம் அதன் பொத்தான்களோடு உறவாடினாள். அடுத்த பருவத்தில் விட்ட தாளை எழுதித் தேறினாள். மாமனின் மனம் நோகக் கூடாதென்று, அவர் அனுப்பிய கருவியை வீட்டில் பாடம் படிக்கும்போது பயன்படுத்தினாள்; வரைபடம் வரைந்து புரிந்துகொள்ள அது பெரிதும் உதவியது என்றும் கூறினாள். மாமனுக்கு அவள் கடிதம் எழுதியபோது தேர்வுக்கூடத்தில் நேர்ந்ததைச் சொல்லவே இல்லை என்று பின்னர் அவள் தாய் என்னிடம் சொன்னார்.

இன்று அவள் வேலையில் இருக்கிறாள். முதற் சம்பளம் வாங்கிய மாதத்தில் தாயோடு வந்து அந்தப் பழைய கணிப்பானை என் கையில் கொடுத்தாள். "தேவைப்படுகிற பிள்ளைக்குக் கொடுங்க சாமி" என்றாள். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். முந்திய மாணவியின் பெயரும், அதற்குக் கீழே இவள் பெயரும் கீறப்பட்டிருந்தன. இப்போது அதன்கீழ் மூன்றாம் பெயரொன்றும் இருக்கிறது.

படிப்பு முடிந்த பின் எத்தனை வீடுகளில் கணிப்பான்கள் இழுப்பறைக்குள் உறங்குகின்றன! அவற்றைத் தேடியெடுத்து, துடைத்து, புதிய மின்கலம் இட்டு, பங்கின் நூலகத்திலோ பள்ளி ஆசிரியரிடமோ ஒப்படையுங்கள். வாங்க இயலாத ஒரு பிள்ளைக்கு நான்காண்டுத் துணை கிடைக்கும். ஆனால் கொடுக்குமுன் அந்தப் பிள்ளையின் கல்லூரியில் அதற்கு அனுமதி உண்டா என்று, மறவாமல், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.